படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்குப் பள்ளி என்ன செய்ய வேண்டும்? கேரள எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளுக்கான கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி என்று சித்தூர் தாலுகா முழுக்கவும், மலைமேல் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பள்ளிகளின் பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் கழகம்) கூட்டங்களில் பெற்றோரும், எஸ்ஆர்ஜி (பள்ளி ஆசிரியர்கள் கூடித் திட்டமிடும் குழு) கூட்டங்களில் ஆசிரியர்களும் 'அடுக்கு உதவி' என்ற முறை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். கேள்வி அப்படி.

அடுக்கு உதவி என்றால் என்ன?

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு உதவி போதாது என்று ஒப்புக்கொண்டு, உதவியை மூன்று அடுக்காகப் பிரித்து வைத்துக்கொள்வது. முதல் அடுக்கு வகுப்பில் எல்லாருக்கும் நடக்கும் அன்றாடப் பாடம். அதில் பிடி கிடைக்காத சிலருக்கு, வகுப்புப் பாடத்தோடு கூடுதலாக, சிறு குழுவாக உட்கார்ந்து பயிற்சி. இது இரண்டாம் அடுக்கு. அதிலும் முன்னேற்றம் தெரியாத ஓரிருவருக்கு இன்னும் நெருக்கமான, கிட்டத்தட்ட ஒருவருக்கு ஒருவர் என்ற கவனிப்பு. இது மூன்றாம் அடுக்கு.

'கூடுதலாக' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டாம் அடுக்குக்குப் போகும் பிள்ளை முதல் அடுக்கை இழப்பதில்லை. பல பள்ளிகள் சறுக்குவது இங்கேதான்.

இது எங்கிருந்து வந்தது?

அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து. அங்கே ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகச் சொல்ல, அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் படிப்பு மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் எதிர்பார்த்தார்கள். அந்த இடைவெளி கண்ணில் படுவதற்குள் பிள்ளை மூன்றாம், நான்காம் வகுப்பு வரை தோற்றுக்கொண்டே வந்துவிடும். 2004இல் அவர்களுடைய சிறப்புக் கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது, முதலில் நல்ல பயிற்சி கொடுத்துப் பாருங்கள், அதற்குப் பிள்ளை எப்படிப் பதில் தருகிறது என்பதை வைத்து முடிவெடுக்கலாம் என்று வழி திறந்தது. பிற்பாடு நடத்தை, வருகை எல்லாம் இதே அமைப்புக்குள் வந்து சேர்ந்தன.

"டீச்சர், எம் பையனை மக்குன்னு தனியா ஒக்கார வைக்கப் போறீங்களா?"

இல்லை. ஆனால் அந்த அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் எழுதி, கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, ஆண்டு முழுவதும் அங்கேயே விட்ட பள்ளிகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது அடுக்கு உதவி ஆகாது.

அடுக்கு என்பது பள்ளி தரும் உதவியின் அளவு. பிள்ளையின் நெற்றியில் எழுதும் எண் அல்ல. ஒரே பிள்ளை வாசிப்பில் இரண்டாம் அடுக்கிலும் கணக்கில் முதல் அடுக்கிலும் இருக்கலாம். எட்டு, பத்து வாரத்தில் குழுவை விட்டு வெளியே வரவும் வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் குழுவில் இருந்த அதே பெயர்கள் ஆண்டு முடிவிலும் அப்படியே இருந்தால், அந்தக் குழுவில் ஏதோ சரியில்லை.

யாருக்கு உதவி வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"எனக்கே தெரியுமே" என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் தெரியும்தான். ஆனால் அமைதியாக உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அழகாக எழுதி, எதையும் வாசிக்கத் தெரியாமலே நான்காம் வகுப்பு வந்துவிடும் பெண் குழந்தைகள் அந்தக் கணக்கில் விடுபட்டுப் போகிறார்கள். வாலாட்டும் பையன்கள் முதலில் பட்டியலில் ஏறுகிறார்கள். அதனால் எல்லாரையும் சோதிக்க வேண்டும்.

சோதனை என்றதும் வினாத்தாள் அச்சடிக்க வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். எழுத்துகள் சில, சொற்கள் சில, கீழ் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு சிறு பத்தி, பிறகு ஒரு கதை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ஏசர் கற்றல் நிலைக் கணக்கெடுப்பு 2005 முதல் இந்த வரிசையைத்தான் வைத்திருக்கிறது: எழுத்து, சொல், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். கணக்குக்கு எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல்.

ஜூன் கடைசியில் ஒரு தடவை, ஓணத் தேர்வுக்குப் பிறகு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து ஒரு தடவை. ஆண்டுக்கு மூன்று தடவை போதும். வராந்தாவின் ஓர் ஓரத்தில், மற்றவர் காதில் விழாமல் நடத்துங்கள். வகுப்பு முன்னால் நிற்கவைத்து வாசிக்கச் சொன்னால் நீங்கள் அளப்பது வாசிப்பை அல்ல, பயத்தை.

ஒரு எச்சரிக்கை. நிமிடத்துக்கு இத்தனை சொல் வாசிக்க வேண்டும் என்று ஆங்கிலத்துக்குப் போட்ட அட்டவணைகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். அவற்றைத் தமிழுக்கு எடுக்காதீர்கள். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காக' என்பது நமக்கு ஒரே சொல்; ஆங்கிலத்தில் அது ஐந்தாறு சொல்லாகப் பிரிந்துவிடும். எண்ணிக்கையை ஒப்பிட வேண்டுமானால் அதே பிள்ளையின் சென்ற மாத எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

வகுப்பில் பாதிப் பேர் பின்தங்கியிருந்தால்? எல்லாரையும் இரண்டாம் அடுக்குக்கு அனுப்ப முடியுமா?

முடியாது, அனுப்பவும் கூடாது. இந்த முறையில் அதிகம் கவனிக்காமல் விடப்படும் விஷயம் இது.

பயிற்சிக் கூட்டங்களில் ஒரு முக்கோணப் படம் காட்டுவார்கள். 80 சதவீதம் பிள்ளைகளுக்கு வகுப்புப் பாடமே போதும், 15 சதவீதம் பேருக்குச் சிறு குழு, 5 சதவீதம் பேருக்குத் தீவிர உதவி. இது விதி அல்ல, ஒரு நோக்கம். வகுப்புப் பாடம் ஒழுங்காக நடந்தால் இப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. முப்பது பேரில் பதினைந்து பேர் பத்தி வாசிக்கவில்லை என்றால் சிக்கல் பதினைந்து பிள்ளைகளிடம் இல்லை. வகுப்பில் பாடம் நடக்கும் விதத்தில் இருக்கிறது, அல்லது பாடம் நடக்கவே இல்லை. தமிழ் ஆசிரியர் இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்து, தற்காலிக ஆசிரியர் வந்து போய் வந்து போய் இருந்தால், ஜூன் சோதனையில் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்?

அப்படிப்பட்ட வகுப்பில் முதல் ஆறு வாரத்துக்கு யாரையும் பிரிக்காதீர்கள். மொத்த வகுப்புக்கும் தினமும் அரை மணி நேரம் எழுத்தும் வாசிப்பும் நேரடியாகச் சொல்லிக்கொடுங்கள். உயிர்மெய் வரிசை, குறில் நெடில் வேறுபாடு, சத்தமாகக் கூட்டு வாசிப்பு, பிறகு இணையாக வாசிப்பு. ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பதினைந்து பேர் ஆறு ஏழு பேராகக் குறைவார்கள். அந்த ஆறு ஏழு பேருக்குத்தான் இரண்டாம் அடுக்கு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் 'ரெமிடியல்' என்று மாலையில் ஒரு மணி நேரம் கூட்டி உட்காரவைப்பது வேறு. அது முதல் அடுக்கில் விட்ட குறையை ஆசிரியரின் உழைப்பால் மூடி மறைப்பது.

வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை தடுமாறுவது மொழியாலா, கற்றல் குறைபாட்டாலா?

எல்லைப் பகுதிக்கே உரிய கேள்வி. ஒரே சோதனையில் பதில் கிடைக்காது.

நம் பிள்ளையின் சுமையை முதலில் பாருங்கள். கேரளத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மலையாளத்தை ஒன்று முதல் பத்து வரை கட்டாயப் பாடம் ஆக்கியது. ஐந்தாம் வகுப்பில் இந்தியும் சேர்கிறது. தமிழ், ஆங்கிலம், மலையாளம், இந்தி என்று பத்து வயதில் நான்கு எழுத்து முறைகள்.

தமிழில் க என்று ஒரே எழுத்தை எழுதி இடத்துக்கு ஏற்றபடி வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் வாசிக்கிறோம். மலையாளத்தில் அதே வரிசைக்கு நான்கு தனித்தனி எழுத்துகள். இரண்டையும் ஒரே நேரத்தில் கற்கும் பிள்ளை 'கங்கை'யை வாசிக்கும்போது இரண்டாவது ககரத்தில் ஒரு நொடி நிற்கத்தான் செய்யும். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளரும் பிள்ளைக்கு ழகரம் ளகரமாகத்தான் வாயில் வரும். 'பளம்' என்று எழுதினால் அது காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியது. நோய் அறிகுறி அல்ல. இடமலைக்குடியின் முதுவான் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் அட்டப்பாடியின் இருளர் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் வீட்டுப் பேச்சு தமிழுக்கு நெருக்கமாக இருந்தாலும் புத்தகத் தமிழ் தூரத்து மொழிதான்.

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? பிள்ளைக்கு எந்த மொழி வலுவோ அந்த மொழியில் முதலில் சோதியுங்கள். ஆங்கில வழிப் பிரிவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் வாசிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். கோர்வையாகச் சொல்கிறதா? 'மரம்' என்பதில் முதல் ஒலி என்ன, 'ம'வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று விளையாட்டாகக் கேளுங்கள். வாய்மொழியில் சூட்டிகையாக இருந்து, ஒலிகளைப் பிரிக்கவும் தெரிந்து, ஆங்கில வாசிப்பில் மட்டும் தடுமாறினால் அது பெரும்பாலும் மொழிப் பயிற்சி போதாமை. வலுவான மொழியிலேயே ஒலிகளைப் பிரிக்க முடியவில்லை, நேற்றுக் கற்ற எழுத்து இன்று இல்லை, நல்ல பயிற்சி பல வாரம் கிடைத்த பிறகும் இதே நிலை, அதே வீட்டுச் சூழலில் வளரும் மற்ற பிள்ளைகள் முன்னேறிவிட்டார்கள் என்றால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

அதற்கெல்லாம் முன்னால் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே குழந்தைகள் நலத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனை உண்டு. கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சி கொடுத்து என்ன ஆகப்போகிறது?

இரண்டாம் அடுக்கில் என்னதான் நடக்கும்? நேரத்துக்கு எங்கே போவது?

மூன்று முதல் ஐந்து பிள்ளைகள். ஒரே வகைக் குறை உள்ளவர்கள். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள், அரை மணி நேரம், எட்டு முதல் பத்து வாரம். அன்றைய பாடத்தைத் திரும்ப நடத்துவது கிடையாது. விட்டுப்போன அந்த ஒரு திறனை மட்டும் பிடிப்பது. கொம்பு வைத்த எழுத்துகளில் குழப்பம் என்றால் அந்த அரை மணியும் கெ, கே, கொ, கோ தான்.

நேரம்தான் தலைவலி. காலையில் சீக்கிரம் வரச் சொல்ல முடியாது. தோட்டத்து ஜீப்பும் எல்லையோர பஸ்ஸும் நம் சொல் கேட்பதில்லை. மாலையில் நிறுத்தினாலும் அதே கதை. பி.டி. பீரியடையும் ஓவியத்தையும் பிடுங்குவதை நான் ஏற்கமாட்டேன். வாசிப்பில் தோற்கும் பிள்ளைக்குப் பந்து விளையாட்டு ஒன்றில்தான் வெற்றி கிடைக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் பள்ளிக்கு ஏன் வர வேண்டும்?

நான்கு ஆசிரியர் உள்ள எல்பி பள்ளிக்கு (நான்காம் வகுப்பு வரையிலான தொடக்கப் பள்ளி)ச் சரிப்பட்டு வருவது இது: மதிய உணவுக்குப் பிறகு அரை மணி நேரத்தை எல்லா வகுப்புக்கும் பொதுவாக ஒதுக்குவது. அந்த நேரத்தில் இரண்டு, மூன்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்புப் பார்க்காமல் நிலை பார்த்துப் பிரிவார்கள். நன்றாக வாசிப்பவர்களின் பெரிய குழு ஓர் ஆசிரியரிடம், நூலகப் புத்தகங்களோடு. சொல் நிலையில் உள்ளவர்கள் இன்னொருவரிடம். எழுத்து நிலையில் உள்ள சிறு குழு, இருப்பவர்களில் மிகத் திறமையான ஆசிரியரிடம். கடைசிக் குழுவைப் புதிதாக வந்த தினக்கூலி ஆசிரியரிடம் தள்ளிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதை எஸ்ஆர்ஜியில் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் இடம் மாறுவதால், யாரும் 'தனியாக' அனுப்பப்பட்டதாக உணர்வதில்லை.

பலன் இருக்கிறதா என்று எப்போது தெரியும்?

வாரம் ஒரு முறை, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு நிமிட வாசிப்பு. சரியாக வாசித்த சொற்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வையுங்கள். இன்று இருக்கும் இடத்திலிருந்து பத்தாம் வாரம் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு கோடு. நான்கு புள்ளி தொடர்ந்து கோட்டுக்குக் கீழே விழுந்தால் பயிற்சியை மாற்றுங்கள். பிள்ளையை அல்ல, பயிற்சியை. குழுவைச் சிறிதாக்கலாம், நாட்களைக் கூட்டலாம், ஒரு படி கீழே இறங்கித் தொடங்கலாம்.

தாளைப் பிள்ளையிடமே கொடுத்துப் புள்ளி வைக்கச் சொல்லலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

மூன்றாம் அடுக்கும் மருத்துவச் சான்றும் ஒன்றா?

ஒன்றல்ல. மூன்றாம் அடுக்கு உதவிக்கு எந்தச் சான்றும் வேண்டாம், பள்ளியே தொடங்கலாம். பிஆர்சியிலிருந்து (வட்டார வள மையம்) வரும் சிறப்பு ஆசிரியரோடு கலந்து திட்டமிடலாம்.

சான்று தேர்வுச் சலுகைக்கும் சட்ட உரிமைக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் ஒன்று. எஸ்எஸ்எல்சியில் கூடுதல் நேரம், எழுத்தர் உதவி போன்றவை சான்றின் பேரில்தான் கிடைக்கும். பொதுவாக எட்டு வயதுக்கு முன் இந்தச் சான்று தருவதில்லை. பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடுவதைவிட ஏழாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது. பரிசோதனைக்குப் போகும்போது தமிழில் சோதிக்க ஏற்பாடு உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். கட்டம் போட்ட அந்தத் தாளையும் கொண்டு போங்கள். பார்ப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள காகிதம் வேறு இல்லை.

பொள்ளாச்சிப் பக்கம் 'எண்ணும் எழுத்தும்' என்கிறார்களே, அதுதானா இது?

உறவு உண்டு. 2022இல் தமிழ்நாட்டில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து, நிலைக்கு ஏற்ற பயிற்சித்தாள் கொடுக்கிறார்கள். அது முதல் அடுக்குக்குள்ளேயே செய்யும் வேறுபடுத்தல். நல்ல விஷயம். அதற்கு மேல் கூடுதல் நேரமும் சிறு குழுவும் சேர்ந்தால்தான் இரண்டாம் அடுக்கு.

கேரளத்தில் 2024-25இல் எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 30 சதவீதக் குறைந்தபட்ச மதிப்பெண் கொண்டுவந்தார்கள். எட்டாதவர்களுக்கு விடுமுறையில் கூடுதல் வகுப்பு, பிறகு மறுதேர்வு. எதுவும் இல்லாததற்கு இது மேல். ஆனால் மார்ச் மாதத் தோல்விக்கு ஏப்ரலில் மருந்து. அடுக்கு உதவியின் நோக்கமே ஜூலையில் கண்டுபிடிப்பது.

இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா?

எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. மும்பையிலும் வதோதராவிலும் 2000களின் தொடக்கத்தில் பிரதம் நடத்திய 'பால்சகி' திட்டத்தில், உள்ளூர் இளம்பெண்கள் மூன்று, நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் தனியாக எடுத்து அடிப்படைத் திறன்களைக் கற்பித்தார்கள். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் அதை ஆய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்வித் துறை 2015இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, 13 மாநிலங்களில் 146 பள்ளிகளைப் பார்த்தது. முதல் வகுப்பில், யாருக்கு உதவி என்று பிரிக்கும் மதிப்பெண் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்ததால் கூடுதல் உதவிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், சற்று மேலே இருந்து வகுப்பிலேயே தங்கியவர்களைவிட வாசிப்பில் பின்தங்கினார்கள். பல பள்ளிகளில் அந்த உதவி வகுப்பின் வாசிப்பு நேரத்திலேயே நடந்திருக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள பிள்ளைக்கு அது தேவைப்படாத பயிற்சியாகவும் இருந்திருக்கலாம். அதனால்தான் வகுப்பு நேரத்தைத் தொடாதே, கோட்டோரப் பிள்ளையை இன்னொரு முறை சோதி என்று நச்சரிக்கிறேன்.

பள்ளி மறுத்தால் சட்டம் ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 24: ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைக்கேற்பக் கூடுதல் கற்பித்தல் தருவது ஆசிரியரின் கடமை. பிரிவு 29 முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யச் சொல்கிறது. எல்லைகள் மாற்றி வரையப்பட்ட 1956இல் சேர்த்த பிரிவு அது. ஆனால் சட்டத்தோடு போய் எச்எம் அறையில் நிற்பதைவிட, முதலில் வகுப்பு ஆசிரியரிடம் "இவன் எந்த நிலையில் இருக்கான்?" என்று கேட்பது வேகமாக வேலை செய்யும்.

பிள்ளை பள்ளிக்கே சரியாக வருவதில்லை. அப்போது?

அப்போது வாசிப்புக் குழு இரண்டாவது வேலை. வருகைப் பதிவேட்டையும் மற்ற சோதனைகளைப் போலவே பாருங்கள். பொங்கலுக்கு நம் மாவட்டங்களில் ஒரு நாள் உள்ளூர் விடுமுறை. தேனிக்கும் சங்கரன்கோவிலுக்கும் போன குடும்பம் ஒரே நாளில் திரும்புமா? பிறகு ஊர்க் கோயில் திருவிழா. திட்டுவதில் பயனில்லை. போகும் முன்பே சொல்லச் சொல்லி, திரும்பி வந்த முதல் வாரத்தில் விட்டதைப் பிடிக்க இரண்டு அமர்வு வைத்துக்கொள்ளுங்கள்.

டியூஷன் அனுப்பினால் போதாதா?

டியூஷனில் பெரும்பாலும் மறுநாள் வீட்டுப்பாடம்தான் முடிகிறது. எழுத்து நிலையில் உள்ள ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அறிவியல் கேள்வி பதிலை மனப்பாடம் செய்யவைப்பது மாதக் கட்டணத்துக்கு நியாயம் செய்யாது. அனுப்பத்தான் வேண்டும் என்றால், எந்தத் திறன் குறைவு என்று பள்ளியில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள்.

ஆண்டு நடுவில் வேலந்தாவளம் தாண்டி, கோயம்புத்தூர்ப் பக்கப் பள்ளிக்கு மாறுகிறோம். இதுவரை செய்தது என்ன ஆகும்?

டி.சி.யில் இதெல்லாம் வராது. புதுப் பள்ளியில் பாடத்திட்டமும் வேறு. கேரளத்தின் தமிழ்ப் பாடநூலும் தமிழ்நாட்டுப் பாடநூலும் ஒன்றல்ல. அதனால் முதல் மாதத் தடுமாற்றத்தைப் பார்த்துப் பிள்ளையை மறுபடி எழுத்து நிலையில் உட்காரவைத்துவிட வாய்ப்பு உண்டு. டி.சி. வாங்கும் நாளிலேயே கடைசிச் சோதனை நிலை, நடந்த பயிற்சி, புள்ளி வைத்த தாள் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். பிற்பாடு போன் செய்து கேட்டால், அது எந்த பீரோவில் இருக்கிறது என்று தேடுவதற்கே அடுத்த தேர்வு வந்துவிடும்.